நோய் தீராத குதிரைக்குக் கருணைக்கொலை ஊசி போடலாமா? குமரி மாவட்டத்தில் புதிதாகக் குதிரை வளர்ப்பவர்களுக்கு

குதிரையை எங்கே வாங்குவது, எதைத் தின்னக் கொடுப்பது, எப்படி ஏறுவது என்று சொல்லித்தர நம்மூரில் ஆள் உண்டு. அதே குதிரை நாள்பட்ட நோயில் விழுந்து மருந்துக்கும் அடங்காமல் நிற்கும்போது என்ன செய்ய என்று கேட்டால் பலரும் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய் ஒரு மார்வாரியோ கத்தியவாரோ பிடித்து வருகிறவர்கள், ரேஸில் ஓடிக் கழித்துவிட்ட குதிரையை மலிவாக வாங்குகிறவர்கள், கடற்கரையில் சவாரிக்கு மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள் என எல்லோருக்கும் இந்த நாள் ஒருமுறை வரும். குதிரை 25, 30 வருடம் வரை உயிரோடிருக்கும். 15 வயதில் வாங்கினால் அதன் முதுமை முழுவதும் உங்கள் பொறுப்பு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருணைக்கொலை செய்வது பாவம் என்று பயந்து குதிரையைக் கைமாற்றி விடுகிறோமே, அதுதான் பெரிய கொடுமை. ஆனால் ஊசிக்கு முன்னால் பார்க்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

நோய் உண்மையிலேயே தீராததுதானா

நம் மாவட்டத்துக் கால்நடை டாக்டர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது பசு, ஆடு, நாய். குதிரை எப்போதாவது வரும். அது அவர்கள் குற்றமில்லை. அதனால் "இது இனித் தேறாது" என்று ஒருவர் சொன்னால், குதிரை பார்த்துப் பழகிய இன்னொருவரிடமும் கேளுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆரல்வாய்மொழி தாண்டி நான்குவழிச் சாலையில் போனால் பெரிய தூரமில்லை. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் கிட்டே. அங்கே குதிரைப் போலீஸ் இருப்பதால் குதிரை மருத்துவம் தெரிந்தவர்களை விசாரித்துப் பிடிக்க வாய்ப்பு அதிகம். குதிரையை ஏற்றிக்கொண்டு போக முடியாவிட்டாலும் நடக்கிற வீடியோ, குளம்பின் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை அனுப்பிக் கேட்கலாம்.

தீராத நோய் என்று நினைப்பதில் பாதி, கவனிக்காமல் விட்டதாக இருக்கும். எலும்பும் தோலுமாக நிற்கும் கிழக்குதிரையின் வாயைப் பாருங்கள். மென்ற புல்லை உருண்டை உருண்டையாகக் கீழே துப்பினால் பல் ஓரங்கள் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறது என்று அர்த்தம். அராவிவிட்டு, ஊறவைத்த தீனி கொடுத்தால் தேறும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மெலிவு, காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம் என்றால் சர்ராவாக இருக்கலாம். ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் ஒட்டுண்ணி நோய் அது. ரத்தத்தைப் பரிசோதித்தால் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு.

கடற்கரைக் குதிரைகளுக்கு மணல் ஒரு தனித் தொல்லை. சொத்தவிளையிலோ கன்னியாகுமரியிலோ மணல் தரையில் போட்ட தீனியைத் தின்னும்போது மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கும். அடிக்கடி வயிற்றுவலி, இளகிய சாணம், மெலிவு. ஒரு கண்ணாடி பாட்டிலில் சாண உருண்டை சிலவற்றைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, கால்மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் மணல் படிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. (படியாவிட்டால் மணலே இல்லை என்று அர்த்தமாகாது, மறுநாளும் பாருங்கள்.) தீனியைத் தொட்டியில் வைப்பதும், டாக்டர் சொல்லும் அளவில் இசப்கோல் கொடுப்பதுமே பல குதிரைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஓயாத இருமலுக்கும் அப்படித்தான். தூசி பறக்கும் வைக்கோலை நனைத்துப் போட்டு, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இதையெல்லாம் கழித்த பிறகு எஞ்சுவதுதான் நாள்பட்ட நோய். அதில் அதிகம் முடிவு கேட்பது குளம்புக்குள் வரும் லேமினைடிஸ். குளம்பின் கெட்டியான வெளிக்கூட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய மடிப்புகள் வீங்கிப் பிய்ந்துபோகும். கொள்ளும் தவிடும் அளவுக்கு மீறித் தின்ற குதிரைக்கு வரும், கொழுத்த குதிரைக்கு வரும், வயதான குதிரைக்கு சுரப்பிக் கோளாறால் வரும். ஒரு காலில் பலத்த அடிபட்டு, பாரம் முழுவதையும் எதிர்க்காலில் தாங்கும் குதிரைக்கு அந்த நல்ல காலிலும் வரும். பிணைப்பு விட்டதும் 400 கிலோ உடம்பின் பாரம் அந்த எலும்பைக் கீழே அழுத்தும், அது சாயும். முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பின்னால் சாய்ந்து நின்றால் அதுதான். எக்ஸ்ரே எடுக்காமல் இதில் யாரும் எதுவும் சொல்ல முடியாது. கொஞ்சம் சாய்ந்திருந்தால் லாடமும் தீனிக் கட்டுப்பாடும் வைத்து வருடக்கணக்கில் ஓட்டலாம். எலும்பு அடிக்குளம்பைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் பெரும்பாலும் பேச்சு முடிந்தது.

மூட்டுத் தேய்மானம், ரேஸ் குதிரைகளின் அறுந்த தசைநாண், நுரையீரல் நோய் எல்லாம் மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். அங்கேதான் தினமும் எழுதிவைக்கும் நோட்டு உதவும்.

ஒரு நோட்டு போடுங்கள்

தினமும் பார்க்கிற கண்ணுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் வேதனை தெரியாது. அதோடு, நமக்குப் பிடித்த மாதிரிதான் நாம் நினைவு வைத்திருப்போம். எழுதிவிட்டால் அப்படி ஏமாற முடியாது. காலையிலும் மாலையிலும் சில வரி போதும்.

முதலில் எழுத வேண்டியது படுத்ததா இல்லையா என்பது. குதிரை நின்றபடி கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு தினம் அரைமணி, ஒருமணி நேரமாவது அது படுத்தாக வேண்டும். மூட்டுவலி உள்ள குதிரை, படுத்தால் எழ முடியாது என்று பயந்து நாள்கணக்கில் நின்றுகொண்டே இருக்கும். காலையில் விலாவிலும் இடுப்பிலும் வைக்கோலோ மண்ணோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முன்னங்காலில் குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் முன்பக்கம் சிராய்ப்பு வந்தால், தூக்கம் தாளாமல் நின்ற இடத்திலேயே முன்னால் மடங்கி விழுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். நோட்டில் நான் முதலில் தேடுவது இந்தப் படுக்கைக் கணக்கைத்தான். தின்கிறதே என்று எல்லோரும் சமாதானப்படுவார்கள். கடும் வலியிலும் தின்கிற குதிரைகள் உண்டு. தூங்க முடியாத குதிரைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

அடுத்தது நாடி. தாடையின் அடி ஓரத்தில் விரல் வைத்தால் ரத்தக்குழாய் உருளும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். சும்மா நிற்கும்போதே தொடர்ந்து 60க்கு மேல் என்றால் உள்ளே கடும் வலியோ வேறு ஆபத்தோ இருக்கிறது. மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. குமரியின் புழுக்கத்தில் வியர்த்து நிற்கும் குதிரைக்குக் கூடுதலாக ஓடும், அதனால் காலையில் வெயிலுக்கு முன்பே எண்ணுங்கள். உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்.

முகத்தையும் பார்க்கப் பழகுங்கள். குதிரையின் முகத்தில் வலியைப் படிக்க 2014இல் ஆய்வாளர்கள் ஒரு அளவுகோலே வெளியிட்டார்கள். விறைத்துப் பின்னால் திரும்பிய காது, சுருங்கிய கண், கண்ணுக்கு மேல் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் துருத்திய மோவாயும், விரிந்து இறுகிய மூக்குத் துளை. வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து வையுங்கள். படங்களை வரிசையாகப் பார்க்கும்போது வீட்டில் யாரும் வாதாட மாட்டார்கள்.

இதோடு எவ்வளவு தின்றது, குடித்தது, எத்தனை தடவை சாணம் போட்டது, மற்றக் குதிரையோடு சேர்கிறதா, உங்களைக் கண்டால் திரும்புகிறதா. அவ்வளவு போதும்.

வலிமருந்தை ஒழுங்காகக் கொடுத்துப் பாருங்கள்

பலர் வலிக்கிற அன்றைக்கு ஒரு ஊசி போட்டுவிட்டு, அடுத்த வாரம் மறுபடி ஒன்று போடுவார்கள். அதில் எதுவும் தெரியாது. டாக்டர் சொல்லும் அளவில் ஃபினைல்பியூட்டசோனோ மெலாக்சிகாமோ இரண்டு மூன்று வாரம் விடாமல் கொடுத்து, அந்த நாட்களின் நோட்டைப் பாருங்கள். படுத்து எழுகிறதா, தானாக நடந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறதா? முழு அளவு மருந்திலும் மாற்றமில்லை என்றால் அதுவே ஒரு பதில். நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், இந்த மருந்துகள் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மெடிக்கல் ஸ்டோரில் மனிதருக்கான டிக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவதும் வேண்டாம். கழுகுகள் அழிந்ததால் 2006லேயே கால்நடைக்குத் தடை செய்த மருந்து அது.

ஐந்து கேள்விகள்

அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கம் இந்த முடிவுக்கு ஒரு வழிமுறை வைத்திருக்கிறது. அதன் சாரத்தை நம் பேச்சில் கேள்விகளாக்கினால் இப்படி வரும்:

1. தீராத நோயால், அடக்க முடியாத வலியை ஓயாமல் அனுபவிக்கிறதா?
2. பிழைக்க வழியே இல்லாத நிலையா?
3. தனக்கோ கவனிப்பவருக்கோ ஆபத்தாக இருக்கிறதா?
4. சாகும்வரை விடாமல் வலிமருந்து வேண்டியிருக்குமா?
5. வலிக்குப் பயந்து வாழ்நாள் முழுக்க லாயத்துக்குள்ளேயே அடைத்து வைக்க வேண்டியிருக்குமா?

ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் டாக்டரிடம் கருணைக்கொலை பற்றிப் பேசத் தொடங்கலாம். நாலாவதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. தினம் சிறிய அளவு மருந்தோடு மேய்ந்து, படுத்து, எழுந்து நிம்மதியாக இருக்கும் கிழக்குதிரையை அந்த ஒரு காரணத்துக்காக முடிக்க வேண்டியதில்லை. ஐந்தாவது நம்மூருக்கு ரொம்பப் பொருந்தும். அஞ்சு சென்ட் வீட்டு மனையில் லாயம் கட்டியவர்களின் குதிரை ஏற்கெனவே பாதி நாள் கட்டுத்தறியில்தான் நிற்கிறது. அதற்கு மேலும் அடைத்து வைத்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

கண் தெரியாமல் போவது மட்டும் காரணம் ஆகாது. பழகிய இடத்தில், பழகிய துணையோடு குருட்டுக் குதிரைகள் நன்றாக இருப்பதுண்டு.

"யாருக்காவது குடுத்துருலாம் மக்கா"

இந்த யோசனை கண்டிப்பாக வரும். நல்ல மனசோடுதான் சொல்வார்கள். "ஒரு உயிர நாம எடுக்கப்பிடாது" என்று அம்மா சொல்வார், பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்வார். சரி, கொடுத்தால் என்ன ஆகும்? நொண்டும் குதிரையை மலிவாக வாங்குகிறவர் அதைக் கட்டிவைத்துச் சோறு போட வாங்குவதில்லை. வலிமருந்து போட்டு நொண்டலை மறைத்துக் கல்யாண ஊர்வலத்துக்கோ சவாரிக்கோ விடுவார். அங்கே முடியாமல் போனால் இன்னொரு கை. கடைசியில் ஏதோ ஒரு ரோட்டோரம் அவிழ்த்து விடப்படும். இரவில் லாரி அடிக்கும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கைத் தின்று வயிறு அடைக்கும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, வயதாலோ நோயாலோ முடியாத பிராணியை வேலை வாங்குவது குற்றம், பசியிலோ தாகத்திலோ துன்பப்படும்படி கைவிடுவதும் குற்றம். அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையில் உள்ள பிராணியின் உயிரை முடிக்க வழி கொடுக்கிறது. உரிமையாளர் இல்லாமல் ரோட்டில் கிடக்கும் குதிரைக்குத்தான் போலீஸ், மாஜிஸ்திரேட் என்றெல்லாம் போக வேண்டும். உங்கள் குதிரைக்கு, நீங்கள் எழுதித் தரும் சம்மதமும் பதிவுபெற்ற டாக்டரின் சான்றும் பொதுவாகப் போதும். இரண்டையும் பத்திரமாக வையுங்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால் ஊசிக்கு முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் பணம் வருவது சந்தேகம்.

ஒரு விதிவிலக்கு கிளாண்டர்ஸ். மூக்கில் சளியும் புண்ணும், தோலில் கட்டிகளுமாக வரும் தொற்று, மனிதருக்கும் பரவும். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் ரத்தம் சோதித்து உறுதியானால், 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அந்தக் குதிரையை முடித்தாக வேண்டும். அதில் உங்கள் விருப்பம் என்று எதுவும் இல்லை. சந்தேகம் வந்ததுமே கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

காசு பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் திறக்கிறேன். கடன் வாங்கி மருந்து வாங்கும் நிலை வந்தால் அதை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். காசில்லாமல் அரைகுறை மருந்தில் மாதக்கணக்கில் இழுக்கும் குதிரையை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட முன்கூட்டியே முடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லைக்கோட்டை முன்பே போடுங்கள்

குதிரை ஓரளவு நன்றாக இருக்கும் நாளில் டாக்டரோடு உட்கார்ந்து, எது நடந்தால் ஊசி என்று எழுதி வையுங்கள். "மூன்று நாள் தொடர்ந்து படுக்கவில்லை", "இந்த மாதத்திலேயே இரண்டாவது தடவை தூக்கிவிட வேண்டியதாயிற்று", "மருந்தோடும் தொட்டிவரை நடக்கவில்லை" என்பதுபோல. உங்கள் குதிரையின் நோய்க்குத் தகுந்தபடி அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "ரொம்பக் கஷ்டப்பட்டால்" என்று எழுதினால் அந்த நாள் வரவே வராது. நீங்கள் வெளிநாட்டிலோ கடலிலோ இருப்பவர் என்றால், முடிவெடுக்கும் அதிகாரம் வீட்டில் யாருக்கு என்றும் அதே தாளில் எழுதுங்கள்.

கோடு எதுவும் பார்க்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய நிலைகளும் உண்டு. காலின் பெரிய எலும்பு முறிந்தால், அல்லது வயிற்றுவலியில் நாடி 80க்கு மேல் போய் ஈறு கருநீலமானால், குதிரை வயிற்று அறுவை வசதி கிட்டே இல்லாத இடத்தில் காத்திருந்து பயனில்லை. கீழே விழுந்து மணிக்கணக்காக எழ முடியாத குதிரையும் அப்படித்தான். பழக்கமான டாக்டர் கிடைக்காவிட்டால் கால்நடை அவசர உதவி எண் 1962க்குப் பேசுங்கள்.

குழியை முதலில் யோசியுங்கள்

மாடு செத்தால் கூட எடுத்துப்போக ஆள் வருவான். குதிரைக்கு யாரும் வர மாட்டார்கள், எல்லாம் நம் தலையில்தான். அதனால் இடத்தைப் பல மாதம் முன்பே பார்த்து வையுங்கள்.

400 கிலோ குதிரைக்கு ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், எட்டு அடி ஆழம் வேண்டும். மேலே நாலு அடிக்குக் குறையாமல் மண் நிற்க வேண்டும். கையால் வெட்டி ஆகாது, ஜேசிபி வர வழி இருக்க வேண்டும். கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் 200 அடியாவது தள்ளிப் போங்கள். நாஞ்சில் நாட்டு வயலோரத்தில் நாலு அடியிலேயே ஊற்று வந்துவிடும். கடற்கரை மணலில் குழி சரிந்துகொண்டே இருக்கும். அகஸ்தீஸ்வரம் பக்கம் சில இடங்களில் பாறை தட்டும். குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர்த் தோட்டச் சரிவுகளில் ஆழம் கிடைக்கும், ஆனால் மழையில் ஜேசிபி ஏறாது. சொந்தக்காரர் யாருடைய மேட்டு விளையிலாவது இடம் கேட்டு வைப்பது நல்லது. ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பிறகு பக்கத்துத் தோட்டக்காரர் புகார் கொடுக்கும்போது உதவும்.

நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஏற்கெனவே அந்த எல்லைக்கோட்டை நெருங்கிவிட்ட குதிரைக்கு ஐப்பசியைத் தாண்டும் தெம்பு இல்லை என்று டாக்டரும் சொன்னால், சேற்றில் வழுக்கி விழுந்து கிடக்கும்வரை பார்த்திருக்காமல் காய்ந்த தரை இருக்கும் புரட்டாசியிலேயே நாள் குறிப்பது தப்பில்லை. கேட்க முரட்டுத்தனமாகத்தான் இருக்கும்.

அந்த நாள்

காலை நேரமாகப் பாருங்கள். பட்டினி போட வேண்டாம், பிடித்ததைத் தின்னட்டும். கொஞ்சம் நடக்க முடிந்தால் குழிக்குப் பக்கத்தில், ஓரத்தில் இல்லாமல் சில அடி தள்ளி, மெத்தென்ற சமதரைக்கு நடத்திக் கொண்டுபோங்கள். நடக்க முடியாவிட்டால் நிற்கும் இடத்திலேயே முடித்துவிட்டுப் பிறகு இழுக்கலாம். நடக்கவைத்து வதைக்காதீர்கள்.

டாக்டர் முதலில் சைலசின் போன்ற மயக்க ஊசி போடுவார். தலை தாழும், கால் அகலும். பிறகு கழுத்து ரத்தக்குழாய் வழியாகப் பென்டோபார்பிட்டல் என்ற மயக்க மருந்தை மிக அதிக அளவில் செலுத்துவார். அது கிடைக்காத இடங்களில் முழு மயக்கம் கொடுத்த பிறகு மெக்னீசியம் சல்பேட்டோ பொட்டாசியம் குளோரைடோ போடுவதுண்டு. 'முழு மயக்கத்துக்குப் பிறகு' என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். என்ன மருந்து, எந்த வரிசையில் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மருந்து ஏறிய சில விநாடிகளில் குதிரை விழும். மெதுவாகச் சரியும் என்று நம்பி அணைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கயிற்றை டாக்டரோ பழகிய ஆளோ பிடிக்கட்டும், நீங்கள் தோள்பக்கம் எட்டி நில்லுங்கள். விழுந்த பிறகு ஒன்றிரண்டு முறை பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், கண் மூடாது. தெரியாதவர்கள் "இன்னும் உயிர் இருக்கு" என்று அலறிவிடுவார்கள், அதனால் கூட நிற்பவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். இதயத்துடிப்பு நின்றதா, கண்ணைத் தொட்டால் அசைவு இல்லையா என்று டாக்டர் சில நிமிடம் பார்த்துத்தான் உறுதி சொல்வார்.

கூட இருந்து பார்க்க முடியாவிட்டால் போய்விடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் குதிரை அறிந்த ஒருவராவது கயிற்றுப் பக்கம் இருக்க வேண்டும். லாயத்தில் இன்னொரு குதிரை இருந்தால் சிறிது நேரம் அருகில் விட்டு முகர்ந்து பார்க்க விடலாம். இல்லாவிட்டால் நாள்கணக்கில் கனைத்துக்கொண்டே தேடும் குதிரைகளும் உண்டு. வால் மயிர் வேண்டும் என்றால் அப்போதே வெட்டிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே புதைத்தாக வேண்டும். உடம்பில் ஏறிய மருந்து அப்படியே இருக்கும், தின்கிற நாயும் காக்கையும் பருந்தும் சாகும். சுண்ணாம்பு தூவி, மண்ணை மேடாகக் குவித்து, மேலே கல் பரப்புங்கள். சில நாள் கழித்துப் போய்ப் பாருங்கள், மண் இறங்கியிருக்கும். ஜேசிபிக்காரரிடம் இன்னொரு லோடு மண்ணுக்கு முதல் நாளே சொல்லி வைத்தால் திரும்ப அலைய வேண்டாம்.